ஒரு வீட்டில் இரண்டு காரியம்

எனக்கு எழுபத்திரண்டு வயது நடக்கிறது. நான்கு பெற்று நான்கையும் ஆளாக்கினேன். துபாயில் வேலை பார்த்த வீட்டில் இன்னும் இரண்டை வளர்த்தேன். அவர்களுக்கு இப்போது என் முகம் நினைவிருக்காது. போகட்டும், அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். எதற்காகவும் யார் வாயையும் பார்த்து நின்றவள் இல்லை நான். ஒரே ஒரு முறை நின்றேன், படகில் பழகிய ஒருத்தியை நம்பி.

துபாய்க்கு மெட்ரோ ரயில் வராத காலம் அது. கடல் ஊருக்குள் நீளமாகப் புகுந்து ஊரை இரண்டாக்கியிருக்கும். இந்தக் கரை தேரா, அந்தக் கரை பர் துபாய். நடுவில் அப்ரா என்கிற மரப்படகு போய்வரும். ஓரத்தில் தடுப்பு கிடையாது. நடுவில் நீளப் பலகை ஒன்று இருக்கும், ஜனங்கள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து உட்காருவார்கள். படகுக்காரர் நடுக்குழியில் நின்று ஓட்டுவார். டை கட்டிய ஆபீசரும் சைட்டில் கம்பி கட்டுகிறவரும் தொடை இடிக்க ஒரே பலகையில் உட்கார்ந்து போவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தப் படகுதான் என்னை ஏமாற்றியது என்றும் சொல்லலாம்.

நான் இருந்தது தேராவில், ஒரு தமிழ்க் குடும்பத்தில். வெள்ளிக்கிழமை காலை மட்டும் எனக்கு வெளியே போக அனுமதி. இட்லி அவித்து வைத்துவிட்டு அக்கரைக் கோவிலுக்குப் போவேன். முதல் வெள்ளியன்று படகில் கால் வைக்கத் தைரியம் வரவில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து வறண்ட காட்டில் பிறந்தவளுக்குப் படகு ஏது? கரைக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர் வாயைத் திறந்து திறந்து மூடியது. பின்னால் நின்றவர்கள் "யல்லா, யல்லா" என்று நெருக்கினார்கள். படகிலிருந்து ஒரு கை நீண்டது.

"கீழ பாக்காதீங்கக்கா. என் மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கால வைங்க."

நர்சம்மாவை அப்படித்தான் தெரியும். குமரிக் கடற்கரைக்காரி, ஒரு கிளினிக்கில் நர்ஸ். என் மூத்த மகளைவிட ஐந்தாறு வயது கூடுதலாக இருக்கும். படகு ஆடும்போது நான் பலகையை இறுக்கிப் பிடிப்பேன், அவள் மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பதுபோல உட்கார்ந்திருப்பாள். அக்கரையில் இறங்கி, பஸ் பிடித்து மாதா கோவிலுக்குப் போகிறவள்.

"எங்க கோவிலுக்கு ஒரு பஸ்ஸு கூடுதலுக்கா. உங்க சாமி படகுத்துறையிலயே வீடு பாத்துட்டாரு" என்பாள்.

"அவரு முன்னாடியே வந்தவருடி. நல்ல எடமாப் புடிச்சுட்டாரு" என்பேன்.

இந்த வெள்ளி வருகிறேன் என்று அவள் சொன்னதில்லை, வருகிறாயா என்று நான் கேட்டதுமில்லை. கூட்டத்தில் கண்ணில் பட்டால் உண்டு, படாவிட்டால் இல்லை. ஆனாலும் கால் வைக்குமுன் பலகை முழுக்க ஒருதரம் பார்த்துவிடுவேன். வாரம் முழுக்க அடுத்தவர் வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறவளுக்கு, அக்கா என்று ஒருத்தி கூப்பிடுவது சின்ன விஷயமில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் என் மூன்றாவது மகளுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. தையில் முகூர்த்தம். அப்பா இல்லாத பெண். நான் போய் நின்றால்தான் மணவறைப் பக்கத்தில் பெற்றவள் என்று ஒருத்தி இருப்பேன். இரண்டு வருஷம் கழித்து லீவு என்பது பேச்சு. அது தாண்டியும் என் பாஸ்போர்ட் மேடத்தின் அலமாரியில்தான் கிடந்தது. கேட்டேன். "பிள்ளைங்க பரீட்சை முடியட்டும், பாக்கலாம்" என்றார். இன்னொரு முறை கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு வெள்ளியன்று படகில் அதைச் சொன்னபோது நர்சம்மா என் முழங்காலில் தட்டினாள்.

"உங்க மேடத்த எனக்கு நல்லாத் தெரியும்க்கா. பிள்ளையளுக்கு ஊசி போட எங்க கிளினிக்குக்குத்தான் வருவாவ. நான் பேசுதேன். நீங்க கல்யாணச் சேலை எடுங்க."

எடுத்தேன். அக்கரை மீனா பஜாரில், பாசிப்பச்சையில் ஒரு பட்டு, எனக்கென்று. என் ஆயுளில் எனக்கென்று நானே எடுத்த முதல் பட்டு அது.

ஒரு சாயங்காலம் அவள் கேக் பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எனக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். விருந்தாளிக் கோப்பையில் டீ கொண்டுபோனேன். சோபாவில் இருந்தவள் என்னைப் பார்க்காமலே, "தேங்க்யூ" என்றாள். மேடமே பேச்சை எடுத்தார்.

"இவங்களுக்கு ஊர்ல பொண்ணு கல்யாணமாம் சிஸ்டர். லீவு கேக்கறாங்க. அனுப்பினா திரும்பி வருவாங்களா? நீங்க எத்தன பேரப் பாத்திருப்பீங்க, சொல்லுங்க."

தட்டோடு நின்றேன். யாரும் தட்டாமலே கதவு திறந்துவிட்ட மாதிரி இருந்தது. வருவாங்க என்று ஒரு வார்த்தை போதும். நர்சம்மா சிரித்தாள்.

"போனவங்க யாரு மேடம் திரும்பி வந்திருக்காங்க?"

கடற்கரைப் பேச்சு எங்கே போயிற்றோ, மேடம் பேசுவதுபோலவே பேசினாள். மேடமும் சிரித்தார். அப்புறம், தம்பி ஏசி வேலை படித்துவிட்டுச் சும்மா இருக்கிறான், சார் கம்பெனியில் ஒரு விசா கிடைக்குமா என்று அவள் இழுத்தது அடுப்படிவரை கேட்டது.

தை முகூர்த்தத்தன்று நான் அந்த அடுப்படியில் பூரி பொரித்துக்கொண்டிருந்தேன். மேடம் இரக்கப்பட்டுப் போனைக் கையில் கொடுத்தார். நாதஸ்வரம் கேட்டது. கேமராவை மறைக்காதீங்க என்று யாரோ கத்தியது கேட்டது. மகள் குரல் கேட்கவில்லை. ஊருக்குப் போன ஒருத்தரிடம் கொடுத்தனுப்பிய பச்சைப் பட்டை, பின்னால் வந்த போட்டோவில்தான் மறுபடி பார்த்தேன். என் நாத்தனார் கட்டிக்கொண்டு என் இடத்தில் நின்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. யாராவது நிற்க வேண்டுமே.

அதன்பின் ஒரு வெள்ளியன்று படகு கிளம்பிய பிறகு பார்க்கிறேன், பக்கத்தில் நர்சம்மா.

"கல்யாணம் நல்லா முடிஞ்சுதாக்கா?"

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கோவமாக்கா? ஒரு வீட்டுல ரெண்டு காரியம் கேக்க முடியுமா? எனக்கு எந்தம்பி."

"நீ எங்கடி கேட்ட? கேட்டது அவங்க. நீ பதில்தான் சொன்ன."

எழுந்தேன். ஓடுகிற படகில் எழக்கூடாது, படகுக்காரர் "பைட்டோ, பைட்டோ" என்று அதட்டினார். பலகையைச் சுற்றி மறுபக்கம் போனேன், ஒரு பாகிஸ்தான்காரர் நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்த பிறகு தெரிந்தது, என் முதுகுக்குப் பின்னால் இருப்பது அவள் முதுகுதான். அவளும் விலகவில்லை, நானும் விலகவில்லை. கரை வந்ததும் ஆளுக்கொரு பக்கமாக இறங்கினோம். அவள் தம்பிக்கு விசா வந்ததாகப் பிறகு மேடம் சொல்லித் தெரிந்தது. வரட்டும். அவனுக்கும் ஒரு வீடு இருக்கும். ஆனால் தம்பிக்குக் கேட்பதற்கு என்னை வைத்து ஏன் சிரித்தாள் என்பதுதான் இத்தனை வருஷமாகியும் எனக்கு விளங்கவில்லை.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அந்த மூன்றாவது மகளின் மகள். இப்போது பேனாவை நிறுத்திவிட்டு, "மன்னிச்சுட்டேன்னு கடைசியா ஒரு வரி போடவா அம்மாச்சி? நல்லா இருக்கும்" என்கிறாள்.

நான் சொல்லாததை எழுதாதே, தாயி. எழுதினவரைக்கும் வாசி, கேட்கிறேன். அவள் மேடத்துக்குப் பதில் சொன்ன இடம் வரும்போது எனக்காகக் குரலைத் தாழ்த்தாதே. அவள் சொன்ன மாதிரியே சிரித்துக்கொண்டு வாசி.