தையல்காரன் கத்தி எடுத்த படம்

நேற்று ஒரு கல்யாணப் பந்தலில் மழையில் நனைந்த கீற்றின் வாசனை வந்ததும், கிளியனூரில் இப்போது பெட்ரோல் பங்க் இருக்கும் இடத்தில் அறுபதுகளில் நின்ற சினிமாக் கொட்டாயும், அதன் பீடிப்புகையும், மணலைக் குவித்து அதன்மேல் உட்காரும் பெண்களும், ரீல் மாற்றும்போது எழும் விசிலும் ஒவ்வொன்றாக நினைவில் ஏறிவந்தன.

அப்பாவின் தங்கை செல்லம்மா அத்தையோடு அங்கே ஒரு படம் பார்த்தேன். எனக்கு ஏழு வயது. தம்பியைக் கொன்றவனைப் பழிவாங்கப் போகும் தையல்காரன், கத்தியைப் பிடிக்கத் தெரியாமல் கை நடுங்கிக் கீழே போட்டுவிட, கொட்டாயே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் அவள் புருஷனை, என் மாமாவை, அடித்துக் கொன்றவன், விடுதலையாகி எங்கள் ஊரிலேயேதான் இருந்தான்.

"அப்டிதாண்டி நடுங்கும்," என்றாள் என் காதருகே. "நானும் அருவா எடுத்துக்கினு அவன் ஊட்டுக்குப் போனேன். கொழந்தைய மடியில வச்சிக்கினு சோறு ஊட்டிக்கினு இருந்தான். திரும்பி வந்துட்டேன்."

திரையில் தையல்காரன் மறுபடி கத்தியை எடுத்தான். அத்தை எழுந்து புடவையிலிருந்த மணலைத் தட்டினாள்.

"வா, போலாம். இத நாம பாக்க வேணாம்."

முடிவைப் பார்க்கவில்லையே என்று வழியெல்லாம் அழுதேன். அத்தை என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.