கண்ணுக்குள் வந்த கூட்டம்

அம்மாவை அம்மை கொண்டுபோன மறு கோடையில் என் கண் இரண்டும் சிவந்தன. எனக்கும் அம்மைதான் என்று பயந்து மர்பி டவுனில் எங்கள் வீட்டு வரிசையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கும் அப்போது கண் சிவந்திருந்தது. கண் போய் உயிர் மட்டும் மிஞ்சிவிடுமோ என்று நடுங்கினேன்.

அம்மை வந்த வீட்டில் மருந்து கூடாது. அப்பா பூவோடு வேப்பங்கொத்தை ஒடித்து வந்து வாசலில் கட்டினார், என் தலைமாட்டிலும் பரப்பினார். அரிப்பு தாங்கவில்லை. விடிந்தால் நூல்நூலாகப் பீளை. முத்து எழும்புகிறதா என்று உடம்பைத் தடவிக்கொண்டே இருந்தேன். எழும்பவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஆஸ்பத்திரி ஆயா. "முத்தே போடாத அம்மை எங்க இருக்குதுண்ணா? பொண்ணை இட்டுக்கினு வா" என்று அப்பாவை விரட்டினாள்.

டாக்டரம்மா என் மேல் இமையைப் புரட்டினார். உள்ளே கல்கல்லாகத் தடித்திருக்கிறதாம். மெல்லச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். "நீயும் பாரு" என்றார். கலங்கிய கண்ணில் சிவப்புப் பொடி நிரம்பிய உருண்டைகள் தெரிந்தன.

"பூச்சியா டாக்டரம்மா?"

"உன் ரத்தத்துல இருக்கற அணுதான். உள்ள வந்த எதிரியை அடிக்கறது அதுங்க வேலை. உனக்கு வந்தது வெறும் பூந்தூள், தூசி. அதுக்கே கூட்டமா ஓடி வந்து கண்ணையே புண்ணாக்குதுங்க. நீ வேற கசக்கற! கசக்கறதுக்கு உனக்கு யாராவது கூலி கொடுக்கறாங்களா?"

அப்பா கேட்டார்: "அப்ப இது அம்மை இல்லீங்களா?"

"இல்லப்பா. யாருக்கும் ஒட்டாது. ஆனா வருஷா வருஷம் கோடையில வரும். கசக்கினா கருவிழியில புண்ணு விழும், பார்வை போயிடும். வீட்டுல பூவு கீவு வெச்சிருக்கீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் கொத்தை அவிழ்க்கக் கை தூக்கினார். கை அப்படியே நின்றது. "ஆத்தா கோச்சிக்கினா? உங்கம்மாவைத்தான் குடுத்துட்டேன்..."

"டாக்டரம்மா சொன்னாங்கல்லப்பா" என்றேன். எனக்கும் பயம்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தார். தலைமாட்டில் கிடந்ததையும் வாரி வெளியே போட்டார். பிறகு டாக்டரம்மா கொடுத்த சொட்டு மருந்தை என் கண்ணில் விட்டார். பாதி என் கன்னத்தில் வழிந்தது.

மறுநாளும் கண் சிவப்பாகத்தான் இருந்தது. ஆத்தா கோபமா, என் ரத்தத்தின் கோபமா, தெரியவில்லை. கசக்கக் கூடாதென்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். அப்பா வேலைக்குப் போகாமல் எதிரே உட்கார்ந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.