குரோ திறக்காத கதவு

இது நடந்தது. நடந்திருக்குமா என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும் செங்கல் வீட்டுக்குள், எரியும் அடுப்புப் பக்கம் காலை நீட்டிக்கொண்டு கேட்டவர்கள். டகோட்டாப் புல்வெளியில் ஒரே ஒரு குளிர்காலம் கழித்தவன்கூட அப்படிக் கேட்கமாட்டான். கதை முடிந்ததும் எழுந்து போய்க் கதவை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்காருவான். அவ்வளவுதான்.

குரோ எனக்கு அடுத்த நிலத்துக்காரி. உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னாள். அழவில்லை, நடுங்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை கத்தியைக் கீழே வைக்கவும் இல்லை.

அவள் புருஷன் ஷூர். நார்வேயில் ஒரு மலைச்சரிவில் நான்கு ஆடும் ஒரு படகும் வைத்துப் பிழைத்தவன். துறைமுகத்தில் எவனோ கொடுத்த விளம்பரத் தாளைப் படித்துவிட்டுக் கிறுக்குப் பிடித்து அலைந்தான். அமெரிக்காவில் நிலம் இலவசமாம். ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் நூற்றறுபது ஏக்கரும் நமக்கேயாம். ஆட்டை விற்றான், படகை விற்றான், குரோ வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்தக் கப்பலேற்றிக் கொண்டுவந்து சேர்த்தான். வந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் புல். மலை இல்லை, கடல் இல்லை. "தூக்குல தொங்கலாம்னாக்கூட ஒரு மரம் கெடையாது. இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தான் மகாராசன்" என்பாள் குரோ.

புல்லை வேரோடு கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி ஒரு வீடு கட்டினான். மழை பெய்தால் மூன்று நாளைக்கு உள்ளே சேறு சொட்டும். ஒரு வருஷம் பயிரை வெட்டுக்கிளி தின்றது. ஒரு வருஷம் தீ தின்றது. மற்ற வருஷங்களில் ஷூரின் உழவே தின்றது. அவன் உழுத சால் பாம்பு நெளிந்த மாதிரி இருக்கும். எது நடந்தாலும் அவனுடைய தப்பு இல்லை. காற்றின் தப்பு, மாட்டின் தப்பு, கடைசியில் குரோவின் தப்பு. ஆறு வருஷத்தில் "தெரியாமப் பண்ணிட்டேன்" என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தது கிடையாது. அவளை அவன் அழைப்பது "அடியே" என்று. அவள் அவனை அழைப்பது "யோவ்" என்று. இருவரும் ஒரே கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்து அத்தனை குளிர்காலத்தையும் கடத்தினார்கள்.

அரை மைல் கிழக்கே டொல்லெஃப் வீடு. அவன் மனைவி இங்கெபியோர். இந்த ஜோடியைப் பார்த்துச் சிரிக்காத ஆள் எங்கள் பக்கத்தில் இல்லை. அவள் எழுந்திருக்கும் முன் அவளுடைய காலணியை எடுத்து அடுப்பருகே வைத்துச் சூடுபண்ணுவான் டொல்லெஃப். அவன் வயலிலிருந்து வர நேரமானால் அவள் பாதி வழி நடந்து போய் நிற்பாள். "கொஞ்சுறதுக்கா அமெரிக்கா வந்தாங்க? கருமம்!" என்று குரோ துப்புவாள். அவள் துப்பியதில் எரிச்சல் இருந்தது. பொறாமையும் இருந்திருக்கலாம். நான் கேட்கவில்லை. கத்தி அவள் கையில் இருந்தது.

அது ஜனவரி மாதம். அன்று காலை அதிசயமாக வெயிலடித்தது. கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. மாவும் மண்ணெண்ணெயும் வாங்க ஷூரும் டொல்லெஃபும் ஏழு மைல் தள்ளியிருக்கும் டவுனுக்குக் கிளம்பினார்கள். டொல்லெஃபின் குதிரை, டொல்லெஃபின் பனிவண்டி. ஷூருக்குச் சொந்தமாக இருந்தது வாய் மட்டும்தான்.

"குடிச்சிட்டு வந்தே, வெளியவே கெடந்து சாவு" என்றாள் குரோ.

"வாய மூடுடி" என்றான் ஷூர். அதுதான் விடைபெறுதல்.

மதியத்துக்கு மேல் அவள் வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். திடீரென்று காற்று நின்றது. ஒரு புல்கூட அசையவில்லை. வடமேற்கே பார்த்தாள். வானத்துக்கும் தரைக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். அது உருண்டு வந்துகொண்டிருந்தது. துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். கதவைச் சாத்தியதும் வீட்டின்மேல் அது மோதியது.

பனி என்றால் பூ மாதிரி விழும் பனி இல்லை. மாவு மாதிரித் தூள். மூக்கில் ஏறினால் மூச்சு நின்றுவிடும். கையை நீட்டினால் விரல் தெரியாது. காற்றின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் காதைப் பிடித்துக் கத்தினாலும் கேட்காது. குரோ காய்ந்த புல்லை முறுக்கி முறுக்கி அடுப்பில் திணித்தாள். பின்சுவருக்கு அந்தப் பக்கம் தொழுவம். டாக்ரோஸ் என்ற பசு அங்கே அசைபோட்டுக்கொண்டிருந்தது. சுவரில் காதை வைத்தால் அது கேட்கும். அது ஒரு துணை.

பொழுது இருட்டியது. விளக்கை ஏற்றினாள்.

அப்போதுதான் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

டொக்... டொக்... டொக்...

"குரோ... நான்தான். கதவத் தொற."

ஷூரின் குரல். அதே கரகரப்பு. புல்லை முறுக்கிக்கொண்டிருந்த அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"கதவு தொறந்துதான்யா கெடக்கு. தள்ளிட்டு வா."

உண்மைதான். அந்தக் கதவுக்குப் பூட்டு இல்லை, உள்ளே ஒரு மரக்கட்டைதான் தாழ்ப்பாள். வெளியே தொங்கும் தோல்வாரை இழுத்தால் கட்டை மேலே தூக்கிக்கொண்டு கதவு திறந்துகொள்ளும். அதை மாட்டியவனே ஷூர்தான்.

"கையில சாமான் இருக்கு குரோ."

"அப்ப காலால உதை. தெனமும் அதத்தான பண்ற."

சத்தம் இல்லை. குரோவுக்கு ஆத்திரம் வந்தது. குடித்திருக்கிறான். புயலில் ஏழு மைல் வந்தவனுக்கு ஒரு கதவைத் திறக்க வக்கில்லையா? நான் எழுந்து போய் மகாராஜாவுக்குத் திறந்துவிட வேண்டுமா?

"ரொம்பக் குளிருது குரோ... வெளக்க எடுத்துட்டு ஒரு நிமிஷம் வெளிய வாயேன்."

"குளிர்ற நாய் உள்ள வரும். என்ன எதுக்கு வெளிய கூப்பிடுற?"



பிறகு குரல் வந்தது. கதவிலிருந்து இல்லை. வடக்குச் சுவரிலிருந்து. அங்கே ஜன்னல் கிடையாது. மூன்றடி கனத்துக்கு மண்.

"குரோ... கண்ணு..."

அவள் கை நின்றது.

கண்ணு?

கல்யாணமான முதல் ராத்திரியில்கூட அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"உனக்குச் சால்வை வாங்கிட்டு வந்திருக்கேன் கண்ணு. நீலக் கலரு."

குரோ மெல்ல எழுந்தாள். பின்சுவரில் காதை வைத்தாள்.

பசு அசைபோடவில்லை.

மூச்சுவிடும் சத்தமும் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. வெளியே காற்று ஊளையிடுகிறது. கூரை கிடுகிடுக்கிறது. இந்தக் காற்றில் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அவன் கத்தவே இல்லை. மெதுவாகப் பேசுகிறான். பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. ஒரு சொல்கூடச் சிதையாமல் அவளுக்குக் கேட்கிறது...

குரல் இப்போது அடுப்பின் புகைக்குழாய்க்குள்ளிருந்து வந்தது.

"நான் தப்புப் பண்ணிட்டேன் குரோ. உன்ன இங்க கூட்டிட்டு வந்திருக்கக் கூடாது. மன்னிச்சிரு. வா... ஊருக்குப் போயிரலாம்."

ஆறு வருஷம். இந்த ஒரு வார்த்தைக்காக ஆறு வருஷம் காத்திருந்தாள். எனக்கு இதைச் சொல்லும்போது இந்த இடத்தில் மட்டும் அவள் தோலுரித்த கிழங்கையே மறுபடி தோலுரித்தாள்.

கால்கள் தானாக நடந்தன. கதவருகே போனாள். கை கட்டையின்மேல் போனது.

"வா கண்ணு..."

கட்டையைப் பாதி தூக்கிவிட்டாள்.

"மன்னிச்சிரு..."

அவள் கை அப்படியே நின்றது. ஷூரா? மன்னிப்பா? அந்தத் தடிமாடு செத்துப் பாடையில் கிடந்தாலும் மன்னிப்புக் கேட்கமாட்டானே!

"என் புருஷன் ஒரு வெறும்பய. அவன எனக்குத் தெரியும். நீ யாருடா?"

காற்று நின்றது.

புயல் நிற்கவில்லை. அந்தக் கதவுக்கு முன்னால் மட்டும் நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம், அவள் முகத்துக்கு நேரே, ஏதோ ஒன்று மூச்சை உள்ளே இழுத்தது.

நீளமாக...

பிறகு பேசியது.

"ஷூர்... கண்ணு..."

குரோவின் குரலில்.

"ஷூர்... கண்ணு... வீட்டுக்கு வா."

இன்னொரு முறை. இப்போது இன்னும் சரியாக.

இன்னொரு முறை.

அப்படியே சொல்லிக்கொண்டே விலகிப் போனது. தெற்கே.

டவுன் இருக்கும் பக்கம்.

குரோ தோல்வாரை உள்ளே இழுத்து முடிச்சுப் போட்டாள். கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். விடியும்வரை அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் புயல் ஓய்ந்தது. அதற்கடுத்த நாள் மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷூர் வந்து சேர்ந்தான். கதவை எட்டி உதைத்தான். அந்த உதையைக் கேட்டதும்தான் குரோவுக்கு உயிர் வந்தது.

"செத்துட்டேன்னு நெனச்சியாடி?"

"நெனச்சேன். எங்க... எனக்கு ஏது அந்தக் கொடுப்பின?"

வழக்கமாக அதற்கு அவன் நாலு வார்த்தை திட்டுவான். அன்று திட்டவில்லை. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"அடியே... அன்னிக்கு நீ டவுனுக்கு வந்தியா?"

குரோ திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

"கடையில அடுப்பச் சுத்தி உக்காந்திருந்தோம். வெளக்கு ஏத்தின நேரம். ஜன்னலுக்கு வெளிய உன் கொரலு. 'ஷூர், கண்ணு, வீட்டுக்கு வா'ன்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. என் பொண்டாட்டி என்னக் கண்ணுன்னு கூப்பிட்டா, அது என் பொண்டாட்டியே இல்லடான்னேன். மத்த எவனுக்கும் எதுவும் கேக்கல."

விளக்கு ஏற்றிய நேரம். அவளும் அப்போதுதான் ஏற்றினாள். நடுவில் ஏழு மைல்.

"டொல்லெஃப் எங்க?" என்றாள் குரோ.

ஷூர் தரையைப் பார்த்தான்.

"கொஞ்ச நேரம் கழிச்சு அவன் எந்திரிச்சான். 'இங்கெபியோர் கூப்பிடுறா'ன்னான். நாலு பேரு புடிச்சோம். ஒதறிட்டுப் போயிட்டான். காலையில வெயிலடிச்சதுன்னு சட்டையோட வந்தவன். அந்தச் சட்டையோடயே போனான்."

இரண்டு பேரும் டொல்லெஃப் வீட்டுக்கு ஓடினார்கள். வழியில் என்னையும் கூப்பிட்டார்கள். கதவு திறந்து கிடந்தது. கால் முறிந்து படுத்திருந்த டொல்லெஃபின் தம்பி அஸ்லாக், இருந்த போர்வையையெல்லாம் மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு அரை உயிராகக் கிடந்தான்.

"அண்ணன் கூப்பிடுதுன்னாங்க அண்ணி. எனக்குக் காத்து சத்தந்தான் கேட்டுச்சு. போகாதீங்கன்னேன். பாவம், குளிருதாம்னு சொல்லி ஆணியில மாட்டியிருந்த அண்ணனோட ஆட்டுத்தோல் கோட்ட எடுத்துட்டுப் போனாங்க" என்றான்.

இங்கெபியோர் வெகுதூரம் போகவில்லை. வீட்டுக்கு எதிரிலேயே பனிக்கடியில் கிடந்தாள். இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி, எதையோ ஒருவருக்குக் கொடுத்துவிட்ட மாதிரி. கைகள் காலி. கோட்டைத் தேடி அந்த இடத்தையே மண் தெரியும்வரை தோண்டினோம். இல்லை.

பாதிரியார் காற்றுதான் காரணம் என்றார். பத்திரிகைக்காரன் புயலில் இருவர் பலி என்று நாலு வரி எழுதினான். எழுதட்டும். இரண்டு பேருமே அங்கே வந்து பார்த்தவர்கள் இல்லை.

டொல்லெஃப் நான்கு நாள் கழித்துக் கிடைத்தான். டவுனுக்குப் பக்கத்தில், ஓடைக்கரையில். அவன் வீட்டிலிருந்து ஆறு மைலுக்கு மேல். நானும் ஷூரும்தான் மண்வாரியால் பனியை விலக்கினோம்.

ஆட்டுத்தோல் கோட்டு போட்டிருந்தான்.

கழுத்துவரை எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. ஷூர் ஒவ்வொன்றாக அவிழ்த்தான். உள்ளே சட்டை காய்ந்திருந்தது. சட்டையின்மேல் ஒரு துளிப் பனி இல்லை.