எண்ணெய் தேய்க்காத கால்

மண்டூரில் எனக்குத் தலைப்பிள்ளை பிறந்து சில நாளில் இடது கால் வீங்கிக் கடுமையாக வலித்தது. வாயுதான் என்று மச்சாள், என் கணவரின் அக்கா, எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தார். பிள்ளையைப் பார்க்க வந்த தாதியம்மா காலைக் கண்டதும் பதறிப்போனார்.

"கையை எடுங்க! நரம்புக்குள்ள ரெத்தம் உறைஞ்சிருக்கு. தேய்ச்சா அது கழன்று நெஞ்சில போய் அடைக்கும்."

"எத்தினை பேருக்குத் தேய்ச்ச கை இது!" என்று மச்சாளுக்குக் கோபம் வந்தது.

தாதியம்மா மச்சாளின் கையை மெல்ல விலக்கினார். என் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, அசையாமல் கிடக்கச் சொன்னார்; அந்தக் காலத்தில் அதற்கு அதுதான் வைத்தியம். வீக்கம் வடியும்வரை தோணியேறி வாவியைக் கடந்து வந்து பார்த்தார். நான் எழும்பி நடந்த அன்று, அவருக்குத் தயிர்ச்சட்டி கொண்டுபோய்க் கொடுத்தவர் மச்சாள்தான்.

இப்போது எந்தப் பிள்ளைப்பேற்று வீட்டுக்குப் போனாலும், பிள்ளையின் முகத்தைப் பார்க்கமுன் தாயின் காலைத்தான் பார்க்கிறேன்.