பட்டாவில் வைத்த குங்குமம்

எங்கள் வீட்டுக்கு எந்த முக்கியமான காகிதம் வந்தாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, அம்மன் படத்துக்கு முன்னால் ஒரு நாள் வைத்திருந்துதான் பீரோவுக்குள் போகும். நிலத்தின் பட்டாவும் அப்படித்தான் போனது.

நிலம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. குடியிருப்பது ஆவடி சேக்காட்டில். பட்டாபிராமுக்கு அப்பால் முப்பது சென்ட், கீரை போடுகிறோம். பக்கத்து முப்பது சென்ட்காரர் வயதில் என்னைவிடச் சின்னவர். கிணறு இருவருக்கும் பொது. பட்டாவும் கூட்டுப் பட்டாதான். ஒரே காகிதத்தில் மேல் வரியில் என் நிலத்தின் எண், கீழ் வரியில் அவருடையது.

நாலு மாதத்துக்கு ஒரு முறை விவசாயிகளுக்கு அரசாங்கம் போடும் இரண்டாயிரம் இருவருக்குமே வந்துகொண்டிருந்தது. இனி நிலத்தைக் கம்ப்யூட்டரில் பதிந்தால்தான் பணம் என்றார்கள். ஊரில் முகாம் போட்ட அன்றே நான் பட்டாவை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துப் பதிந்துவிட்டு வந்தேன். வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

பத்து நாள் கழித்துக் காலையில் அவர் வாசலில் வந்து நின்றார். பூஜை மணி என் கையிலேயே இருந்தது.

"இன்னா அண்ணாத்தே, என் நெலத்த உன் பேர்ல ஏத்திக்கினியாமே? இன்னிக்கு நான் பதியப் போனா, இது வேற ஆளு பேர்ல கீதுன்றான்!"

"நானா? சாமி சத்தியமா இல்லப்பா."

"சாமிய இழுக்காத. ஒரே கெணத்துல தண்ணி எடுத்துகினு கீறோம். இப்டிப் பண்ணுவியா நீ?"

தெருவே எட்டிப் பார்த்தது. பணம் நின்றுபோனால் போகட்டும். அடுத்தவன் நிலத்துக்கு ஆசைப்பட்டவன் என்ற பேர் வந்துவிட்டால், அதன் பிறகு நான் எந்த முகத்தோடு கோயிலுக்குள் போவது? அம்மன் முன்னால் நின்று, "நான் செய்யலைன்னு உனக்குத் தெரியும், அவருக்கும் தெரியவை தாயே" என்று மட்டும் கேட்டேன்.

மறுநாள் இரண்டு பேரும் வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனோம். ஒரே பஸ்ஸில்தான் போனோம், ஆனால் அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். வி.ஏ.ஓ. அம்மா என் அசல் பட்டாவை வாங்கிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, பட்டாவா, கல்யாணப் பத்திரிகையா?"

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்து நிலத்துக்காரர் சிரிக்கவில்லை. அந்த அம்மா நான் முகாமில் கொடுத்த ஜெராக்ஸைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். குங்குமம் ஜெராக்ஸில் கன்னங்கரேலென்று விழுந்திருந்தது. அதுவும் சரியாக மேல் வரியின் எண் மேல். முகாமில் பதிந்த பெண், கண்ணுக்குத் தெரிந்த ஒரே எண்ணை, கீழ் வரியிலிருந்த அவருடைய எண்ணை, என் பேரில் பதிந்துவிட்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க, மாத்திடலாம்" என்றார்.

மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் அவரே டீ சொன்னார்.

"வாசல்ல வந்து கத்திட்டேன். மனசுல வெச்சுக்காத அண்ணாத்தே."

"பொட்டு வெச்சது நான்தானேப்பா."

"அதான் சொல்றேன், உன் சாமிக்கு என் மேல இன்னா கோவம்? என் நெலத்த எடுத்து உன்கிட்ட குட்த்துச்சே!"

அப்போதுதான் இருவரும் சிரித்தோம். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

போன வாரம் போன் வந்தது. "வந்துச்சு அண்ணாத்தே, மெசேஜ் வந்துச்சு! உனுக்கு?"

எனக்கு இன்னும் வரவில்லை. வரும். போனை வைத்துவிட்டு அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினேன். புதிதாகப் பிரிண்ட் எடுத்த பட்டா தட்டில் இருந்தது. அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் குங்குமம் வைத்தேன்.