இடக் கையும் றமீஸா ராத்தாவும்

போன கிழமை கல்முனை பசாரில் ஒரு பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். காசு வாங்கும் மேசையில் இருந்த பிள்ளை புதிது. நான் காசை நீட்டியதும் அவளுடைய முகம் சுருங்கிவிட்டது.

"சோத்துக் கையால தாங்களேன், ஆன்ட்டி."

சொன்ன பிறகுதான் அவளுடைய கண் என் வலத் தோளுக்குக் கீழே, தொங்கிக்கொண்டிருந்த வெறும் சட்டைக் கைக்குப் போனது. பாவம், அழுதுவிடுவாள் போலிருந்தது. "பரவால்ல மகள்" என்றேன். மீதியை இரண்டு கையாலும் ஏந்தித் தந்தாள்.

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஊர் என் இடக் கைக்குப் பழகி எவ்வளவோ காலமாகிவிட்டது. இப்படிப் புதிதாக யாராவது வந்து சொன்னால்தான் எனக்கே ஞாபகம் வரும். சோத்துக் கை, பீச்சங்கை என்று நம்மவர்கள் இரண்டு கைக்கும் பெயர் வைத்து வேலையையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒன்று சாப்பிடும், கொடுக்கும், வாங்கும், சிலுவை அடையாளம் போடும். மற்றது எதற்கென்று உங்களுக்கே தெரியும். எனக்கு மிஞ்சியது அந்த மற்றது.

கறுவா வாசம் வந்தால் நான் இன்றைக்கும் எழும்பி வெளியே போய்விடுவேன். நத்தாருக்கு அடுத்த நாள் காலை எங்கள் வீடு முழுக்க அந்த வாசம்தான். பெரியநீலாவணையில், மருதமுனையைத் தொட்டுக்கொண்டு போகும் ஒழுங்கையில், கடலைப் பார்த்தபடி இருந்தது வீடு. அப்பா முன்னரே இறந்துவிட்டார். அம்மாவும் நானும் மட்டும்தான். நான் பாலர் பாடசாலை ஒன்றில் ரீச்சராகச் சேர்ந்து அதிக காலமாகவில்லை. அம்மா கேக்கைத் துண்டு போட்டு, அயலுக்குக் கொடுக்கத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். "இதக் கொண்டு போய்க் குடு" என்று ஒரு தட்டை என் கையில் தந்தார். அதுதான் அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது.

சுனாமியைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓர் இரைச்சல், கறுப்பாக ஒரு தண்ணீர், என் கைக்கு மேலே விழுந்த கூரைத் தகரம். கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். முழங்கைக்கு மேலே கட்டுப் போட்டிருந்தார்கள்; அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அம்மாவை ஊருக்குப் பின்னால், வயல் பக்கம் கண்டெடுத்து, மற்றவர்களோடு சேர்த்து அடக்கம் செய்துவிட்டார்கள் என்று சித்தி வந்து சொன்னார். பாதர் வந்து செபம் சொன்னாராம். அம்மாவின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் தரையெல்லாம் பாய் விரித்திருந்தார்கள். டெட்டோல் வாசம், சேற்று வாசம், சொல்லக் கூடாத இன்னொரு வாசம். காலையில் ஒரு பெண் முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி, ஒவ்வொருவர் மேலும் குனிந்து முகம் பார்த்துக்கொண்டு வந்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்த என் முகத்தையும் திருப்பிப் பார்த்தார். "இல்ல" என்றார், தனக்குத்தானே. அடுத்த நாளும் வந்தார். அதே குனிவு, அதே "இல்ல". பிறகொரு நாள் மற்றவர்களைப் பார்க்காமல் நேரே என்னிடம் வந்து நின்றார்.

"தல முழுக்க மண் புள்ள. ஆரும் கழுவி உடல்லயா?"

அவர் கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு, கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார்.

"என்ட மகளுக்கும் இந்தளவு தலமயிர் இரிக்கி" என்றார். இருந்தது என்று சொல்லவில்லை. இரிக்கி என்றுதான் சொன்னார்.

சிக்கெடுக்க எடுக்க மணல் தலையணையில் கொட்டியது. ஓரிடத்தில் சீப்பு இழுத்து நொந்தது. அப்போதுதான் நான் முதன்முதலாக அழுதேன். கைக்கு அழவில்லை, அம்மாவுக்கு அழவில்லை, சீப்பு இழுத்ததற்கு அழுதேன். அவர் நிறுத்தாமல் வாரிக்கொண்டே இருந்தார்.

அவர்தான் றமீஸா ராத்தா; அக்காவை முஸ்லிம் ஆட்கள் ராத்தா என்பார்கள். மருதமுனைக்காரர். எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில்தான் வீடு, ஆனால் அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய கணவர் அன்றைக்கு ஆழ்கடலில் தோணியில் நின்றார். அவருக்கு அலை தெரியக்கூட இல்லை. வீட்டிலிருந்த மகள் சப்னாவைத்தான் கடல் கொண்டுபோனது. கடைசிவரை கிடைக்கவில்லை.

பாடசாலை மைதானத்தில் கூடாரம் போட்டு எல்லாரையும் ஒன்றாக வைத்திருந்தார்கள். சித்தியோடும் அவருடைய பிள்ளைகளோடும் நான் ஒரு கூடாரத்தில் இருந்தேன். ராத்தா அந்தத் தொங்கலில், கடைசிக் கூடாரத்தில். விடிய சுபஹு தொழுதுவிட்டு நேரே வருவார். "எழும்பிட்டியா புள்ள?" என்றபடி என்னை முன்னால் இருத்தி, எண்ணெய் வைத்து, வாரி, இறுக்கிப் பின்னிவிடுவார். ஒற்றைக் கையால் என்னவும் செய்யலாம், பின்னல் மட்டும் போட முடியாது. நம்பாவிட்டால் நீங்களே செய்து பாருங்கள்.

ஞாயிறுகளில் பாதர் வந்து மைதானத்து மரத்தடியில் பூசை வைத்தார். நான் கூடாரத்துக்குள்ளேயே இருந்துவிடுவேன். ஒருநாள் பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது ராத்தா கேட்டார்.

"நீ ஏன் போகல்ல?"

"சிலுவை போடக் கையில்ல ராத்தா."

சீப்பு நின்றது.

"பொய் சொல்லாத. ஒனக்கு அவனோட கோபம். கோபமெண்டா கோபமெண்டு சொல்லு. கையச் சாட்டாத."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஏன், உங்களுக்குக் கோபமில்லயா?" என்று கத்திவிட்டேன்.

அவர் பின்னலை முடித்து றப்பரைப் போட்டார்.

"அஞ்சு நேரமும் பாயில போய் நின்டுதான் நான் கோவிக்கிறன். போகாம இருந்து கோவிச்சா ஆருக்குக் கேக்கும்?"

அடுத்த ஞாயிறு போய் ஆகக் கடைசியில் நின்றேன். இடக் கையால் நெற்றியைத் தொட்டு, நெஞ்சைத் தொட்டு, பிறகு எந்தத் தோள் முதலில் என்று தெரியாமல் தடுமாறி, அரைகுறையாக ஒரு சிலுவை போட்டேன். பிறகு கடவுளிடம் "ஏன்?" என்று கேட்டேன். செபமெல்லாம் அவ்வளவுதான். பதில் வரவில்லை. பாதி இடிந்த கோயிலைத் திறந்துவிட்ட பிறகு, நாளும் வேலைக்குப் போகும் வழியில் உள்ளே போய் அதையே கேட்டேன். அப்போதும் வரவில்லை. ஒருநாள் அந்தக் கேள்வியைக் கேட்க மறந்து, சப்னாவுக்காகச் செபித்துவிட்டு எழும்பி வந்திருக்கிறேன். பாதி வழி வந்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.

வேலை என்றேன் அல்லவா, அதையும் சொல்லவேண்டும். பாலர் பாடசாலையை ஓலைக் கொட்டிலில் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு முன்னரே நான் பிள்ளைகளின் சிலேட்டொன்றை வாங்கி, கூடாரத்துக்குள் இருந்து இடக் கையால் எழுதிப் பழகினேன். என்னுடைய 'அ' நண்டு மாதிரி இருந்தது. 'இ' எழுதினால் சித்தியின் சின்ன மகன் "இது என்ன பாம்பா?" என்று கேட்பான். விரல் மரத்துப்போகும். இல்லாத வலக் கையில் விண்விண் என்று வலிக்கும். ஆத்திரத்தில் சிலேட்டை எறிந்துவிட்டு, திரும்பப் போய் எடுத்துக்கொண்டு வருவேன். ஒருவழியாகக் கரும்பலகை முன்னால் போய் நின்றேன். சில நாளில் பார்த்தால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இடக் கையால் எழுதுகிறார்கள்! ரீச்சர் அப்படித்தானே எழுதுகிறார். தாய்மார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். கடல் வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிளாஸ்டிக் கை ஒன்றும் தந்தார்கள். நம்முடைய வெயிலுக்கு அது ஒத்துவரவில்லை. வியர்த்து ஊறிப் புண்ணாக்கியது. அலுமாரிக்கு மேலே இப்போதும் கிடக்கிறது.

மெல்ல மெல்ல எல்லாம் பழகியது. காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு சாக்கு அவிழ்க்க, பல்லால் இழுத்து முடிச்சுப் போட, சட்டைப் பொத்தான் பூட்ட. பழகப் பழக எனக்கு ஒரு திமிரும் வந்தது. யாரும் எனக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்ற திமிர். ஒரு காலையில் ராத்தாவிடம் சொன்னேன்.

"நான் தலமயிரக் கட்டையா வெட்டப் போறன் ராத்தா. இனி நீங்க விடிய விடிய வந்து கஷ்டப்படத் தேவையில்ல."

நன்றி சொல்வதாகத்தான் நினைத்தேன். அவர் பின்னாலிருந்து எழும்பி என் முன்னால் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"கஷ்டமெண்டு நான் சொன்னனா?"

"இல்ல ராத்தா, நான்..."

"ஒனக்கு ஒரு கைதான். அதுக்கு வேல பழக்கிட்டாய். விடிஞ்சா என்ட ரெண்டு கையையும் நான் என்ன செய்யிற? சொல்லு புள்ள. என்ன செய்யிற?"

திரும்பி இருந்து தலையைக் கொடுத்தேன்.

அந்த வருடம் பெரிய வியாழன் பூசையில், ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவிய நினைவுக்குப் பாதர் சனத்தின் கால் கழுவ வந்தபோது, வயதான மீனவர் ஒருவர் வெட்கப்பட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பாதர் விடவில்லை, குதிக்காலைப் பிடித்து இழுத்துக் கழுவினார். அந்த மனிதர் குலுங்கி அழுதார். சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

பிறகு வீடுகள் வந்தன. தமிழருக்கு ஓரிடத்தில், முஸ்லிம்களுக்கு வேறோரிடத்தில். ஒரே மைதானத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த சனம் இரண்டாகப் பிரிந்தது. ராத்தா பஸ் ஏறி வந்தார். நாளும் வந்தவர் பிறகு ஞாயிறுகளில் மட்டும் வந்தார், நான் பூசைக்குப் போகுமுன்.

உயிர்த்த ஞாயிறன்று கோயில்களில் குண்டு வெடித்ததே, அதற்குப் பிறகு பல கிழமையாக அவர் வரவில்லை. வீதியெல்லாம் சோதனைச் சாவடி. எங்கள் பக்கத்தில் சிலர் முஸ்லிம்களைப் பற்றிக் கதைத்த கதைகளை நான் இங்கே எழுத விரும்பவில்லை. ஒரு ஞாயிறு கேற்றடியில் ஆள் நிற்பது தெரிந்தது. ஒருநாளும் கேட்டு வராத மனுசி, வெளியே நின்று கேட்டார்.

"வரலாமா புள்ள?"

நான் சீப்பை எடுத்து நீட்டினேன். என்னிடம் இருந்த கையால்தான். அவர் இரண்டு முறை அவிழ்த்து, திரும்பத் திரும்பப் பின்னினார். அன்றைக்கு நான் பூசைக்குப் பிந்திப் போனேன்.

சிறுநீரகம் பழுதாகி அவர் மௌத்தானபோது, இறந்த செய்தி கேட்டு நான் போவதற்குள் மையித்தைக் குளிப்பாட்டத் தொடங்கிவிட்டார்கள். பெண்களோடு வெளியே இருந்தேன். எனக்கு வாரிவிட்ட தலைக்கு, பதிலுக்கு ஒருநாளாவது அவருடைய தலையை வாரிவிட வேண்டும் என்று எனக்கு எவ்வளவோ காலமாக ஓர் ஆசை. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டேன். ராத்தாவின் தங்கை வெளியே வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"மூணு பின்னலாப் பின்னி, பின்னால போட்டிரிக்கம்" என்றார். பெண் மையித்துக்கு அப்படித்தான் வழக்கமாம்.

எங்களுடைய ஒழுங்கை இப்போது இல்லை. வீடுகள் இருந்த நிலத்தைக் கடல் அரித்து எடுத்துவிட்டது. தோணிகள் அதற்கு மேலால் போய் வருகின்றன. கூடாரம் நின்ற மைதானத்தைச் சுற்றி மதில் எழுப்பிவிட்டார்கள். ராத்தாவின் கணவர் குடியேற்றத்தில் கிடைத்த வீட்டை விற்றுவிட்டு உறவுக்காரர்களோடு போய்விட்டார். கோயிலுக்கு நான் இன்னும் நாளும் போகிறேன். ஏன் என்று கேட்பதும் உண்டு, கேட்காத நாளும் உண்டு.

ராத்தா போன அடுத்த மாதம் தலைமயிரைக் கட்டையாக வெட்டிக்கொண்டேன். விடிய எழும்பி இரண்டு இழுப்பு இழுத்தால் வேலை முடிந்தது. அது இவ்வளவு கெதியாக முடிந்துவிடுவதற்குத்தான் எனக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.