என்ன பண்ணுது?

என் அக்கா இதய மருத்துவர். நான் தண்ணீர் பம்பு ரிப்பேர் செய்கிறவன். ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் என்று நான் சீண்டினால், "உன் பம்பை நிறுத்திட்டுக் கழட்டலாம். என் பம்பை ஓட விட்டுக்கிட்டே பார்க்கணும்" என்பாள். பேச்சில் அவளை ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது. அம்மா மட்டும் வாயே திறக்காமல் ஜெயித்துவிடுவாள்.

அக்கா குழந்தை மருத்துவராகப் போகிறாள் என்றுதான் அப்பா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். படிக்கும்போது ஒருநாள் ஆபரேஷன் தியேட்டரில், திறந்த நெஞ்சுக்குள் இதயம் துடிப்பதை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்தோம். "அது பாட்டுக்கு வேலை செய்யுதுடா, யாரும் சொல்லாமலே" என்றாள். அத்தோடு அப்பாவின் குழந்தை மருத்துவர் போயே போச்சு.

பொது மருத்துவம் முடித்து, அதற்கு மேல் இதயத்துக்கென்று தனிப் படிப்பு. வீட்டுக்கு வந்தவர் போனவர் நெஞ்சில் எல்லாம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காதைப் பழக்கினாள். கல்யாணமான புதிதில் அவள் தன் நெஞ்சில் சாய்ந்து கிடந்ததை மாமா காதல் என்று நினைத்து உருகிக்கொண்டிருந்தாராம். நிமிர்ந்து பார்த்து, "ஒரு வால்வு லேசா கசியுது, பயப்பட ஒண்ணுமில்லை" என்றாளாம். மனுஷன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்.

மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்து ரத்தக்குழாயில் இருக்கும் அடைப்பைத் திறக்கும் வேலையில் அவள் சீக்கிரமே பெயர் வாங்கிவிட்டாள். கைராசிக்காரி என்று நோயாளிகள் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. "ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பழக்கம்" என்பாள். அடக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தன்னைவிட நன்றாகச் செய்பவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் இல்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

அப்படிப்பட்டவளை ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை தலைகீழாக்கிவிட்டார். அந்த அம்மாள் அவசரப் பிரிவுக்கு வந்தபோது அக்காதான் பார்த்தாள். "நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டாள். இல்லை என்றார். வயிற்றுப் புளிப்புக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவரையே ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாரடைப்பு. உயிர் தப்பினார், ஆனால் இதயச் சதையில் ஒரு பக்கம் செத்துப்போயிருந்தது. இனி மாடிப்படி ஏற முடியாது.

தேறியதும் அக்கா கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். "அன்னைக்கு வலி இல்லைன்னு சொன்னீங்களே, மேடம்?"

"இல்லதானே? நீங்க கேட்ட கேள்விக்குச் சரியாத்தான் பதில் சொன்னேன். நெஞ்சு மேல பீரோவைச் சாய்ச்ச மாதிரி பாரமா இருந்துச்சு. வலின்னா பிள்ளை பெத்தப்போ வந்துச்சே, அது வலி. இதைப் போய் வலின்னு சொல்லுவாங்களா?"

"அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க?"

"என்னமோ பண்ணுச்சு. அதான் வந்தேன்."

அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. என்னமோ பண்ணுது என்று சொல்லாத நோயாளி உண்டா? டாக்டர்கள்தான் அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுகிறார்கள். அவசரப் பிரிவில் முதல் கேள்வியையே மாற்ற வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். "நெஞ்சு வலிக்குதா?" கூடாது. "என்ன பண்ணுது?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பாரம், இறுக்கம், கரிப்பு, படபடப்பு என எது பதிலாக வந்தாலும் உடனே ஈசிஜி.

துறைத் தலைவர் சம்மதிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் ஆதாரம் கேட்பதால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'ஆதாரம் சார்' என்றே பெயர். "எல்லாருக்கும்தான் என்னமோ பண்ணுது. உங்களைப் பார்த்தா எனக்கே என்னமோ பண்ணுது. எல்லாருக்கும் ஈசிஜி எடுத்துக்கிட்டிருந்தா, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வர்றவன் வரிசையிலயே போய்ச் சேந்துடுவான். ஆதாரம் கொண்டாங்க, மாத்தலாம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே ஆராய்ச்சி தொடங்கியது. ஒரு வாரம் பழைய கேள்வி, மறுவாரம் புதுக் கேள்வி. எந்தக் கேள்வியில் எத்தனை மாரடைப்பு கோட்டைவிடப்படுகிறது என்று ஒரு வருடம் பார்க்க வேண்டும். நடுவில் யாராவது கேள்வியை மாற்றிக் கேட்டுவிட்டால் எல்லாம் பாழ். "இது மட்டும் நிரூபணமாச்சுன்னா எல்லா ஆஸ்பத்திரியிலயும் கேள்வி மாறும்டா" என்பாள். ஜெயிப்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பழைய கேள்வி வாரங்களில் மட்டும் வீட்டில் சிடுசிடுவென்று இருப்பாள். யாரும் கிட்டே போக மாட்டோம்.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் மத்தியானம் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என்னமோ பண்ணுதுடா" என்றாள். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். அக்கா தியேட்டரில் இருந்தாள், போனை எடுக்கவில்லை. "அவ பேரைச் சொல்லி முன்னால போய் நிக்காதே. எல்லாரையும் போல வரிசையில வா" என்றாள் அம்மா. இந்த நேரத்திலும் கௌரவம்! எனக்கு எரிச்சலாக வந்தது.

பணியில் இருந்த இளம் டாக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். "நெஞ்சு வலிக்குதாம்மா?"

எனக்குப் பகீரென்றது. பழைய கேள்வி வாரம்.

"இல்லப்பா" என்றாள் அம்மா.

"அப்படி உக்காருங்கம்மா, கூப்பிடறோம்."

"சார், எங்கம்மாவுக்கு..." என்று நான் ஆரம்பித்ததும் அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். அந்தக் கை சில்லென்று ஈரமாக இருந்தது. இனி அவள் பேச்சைக் கேட்பதாக இல்லை என்று எழுந்தேன். அதற்குள் தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு அக்காவே வந்துவிட்டாள். பெஞ்சில் அம்மாவைப் பார்த்து நின்றவள், எதிரே மண்டியிட்டாள்.

"என்னம்மா பண்ணுது?"

"நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்திருக்காங்கடி."

அதற்குப் பிறகு எல்லாம் மின்னல் வேகத்தில் நடந்தது. ஈசிஜியில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. சொந்தத் தாய்க்கு அக்காவே வைத்தியம் பார்க்கக் கூடாது என்று ஆதாரம் சாரே அம்மாவோடு தியேட்டருக்குள் போனார். கதவு மூடிக்கொண்டது. அக்கா என் பக்கத்தில் வந்து உட்காருவாள், ரெண்டு பேரும் அழலாம் என்று இருந்தேன். அவள் அந்தக் கதவையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நேராகப் பெஞ்சுக்குப் போய், அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடுத்த ஆளிடம் குனிந்தாள்.

"உங்களுக்கு என்ன பண்ணுது?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்றவள் உள்ளே கிடக்கிறாள், இவளுக்கு இப்போது ஊர் வேலையா? அவள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனாள். காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கூச்சத்தோடு சிரித்தாள். "ஒண்ணுமில்லைங்க. காலையிலேருந்து நெஞ்சு ஒரு மாதிரி இறுக்கமா..." அவள் முடிப்பதற்குள் அக்கா வீல்சேருக்குக் குரல் கொடுத்துவிட்டாள். பை சாய்ந்து காயெல்லாம் உருண்டது. ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது.

அக்கா பெஞ்சை முடித்துவிட்டு, புதிதாக வருகிறவர்களையும் பார்க்கத் தொடங்கியிருந்தாள். அப்போது கதவு திறந்தது. ஆதாரம் சார் எக்ஸ்ரே கதிருக்காகப் போட்டிருந்த ஈய அங்கியைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்தார்.

"அடைப்பு திறந்தாச்சு. அம்மா நல்லாருக்காங்க" என்றவர், அவள் கேட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தார். "இது பழைய கேள்வி வாரமாச்சே?"

"ஆமா சார்."

"இப்போ மாத்தினா எட்டு மாச உழைப்பும் போச்சு. தெரியும்ல?"

"தெரியும் சார். போகட்டும். எங்கம்மாகிட்ட மட்டும் புதுக் கேள்வியைக் கேட்டுட்டு, இவங்ககிட்ட பழசையே கேக்க என்னால முடியாது. இனிமே எந்த வாரமும் முடியாது."

ஈசிஜி அறையிலிருந்து அந்தக் காய்கறிப் பைப் பெண்ணை இன்னொரு இதய மருத்துவர் அவசரமாகத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவள் கண்மறையும்வரை ஆதாரம் சார் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கனத்த அங்கியோடு பெஞ்சின் மறுகோடிக்குப் போய், கடைசியில் உட்கார்ந்திருந்த பெரியவர் முன்னால் குனிந்தார்.

"உங்களுக்கு என்ன பண்ணுது?"

"எனக்கு ஒண்ணும் பண்ணலைங்க. நான் துணைக்கு வந்தவன்."

"சரி" என்று தலையை ஆட்டிவிட்டு, ஆதாரம் சார் அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.